பள்ளி ஆலோசகர் படிப்பு: சேரும் முன் ஆசிரியர் கேட்க வேண்டியவை, பெற்றோர் அறிய வேண்டியவை

மலேசிய சுகாதார அமைச்சு 2022-இல் பதின்ம வயதினரிடம் ஓர் ஆய்வு நடத்தியது. இடைநிலைப்பள்ளிப் பிள்ளைகளில் நால்வரில் ஒருவர் மனச்சோர்வின் அறிகுறிகளோடு இருப்பதாகவும், எட்டுப் பேரில் ஒருவருக்குத் தற்கொலை எண்ணம் வந்திருப்பதாகவும் அது காட்டியது. அதற்கு அடுத்த ஆண்டு, தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டத்தின் 309-ஆவது பிரிவு நீக்கப்பட்டது. 2023 செப்டம்பர் 11 முதல் அது குற்றமில்லை. போலீசுக்குப் பயந்து வாயைத் திறக்காமல் இருந்த குடும்பங்கள் இப்போது உதவி கேட்டு வரலாம்.

அப்படி உதவி தேடும் பிள்ளைக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது பள்ளியின் கவுன்சலிங் அறை. கட்டணம் இல்லை, மருத்துவமனைக்கு அலைய வேண்டியதில்லை. அந்த அறையில் இருப்பவர் என்ன படித்தார், யாருடைய மேற்பார்வையில் பழகினார் என்பது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். கணிதத்துக்கு டியூஷன் ஆசிரியரைத் தேடும்போது நான்கு பேரிடம் விசாரிக்கும் நாம், இதை மட்டும் யாரிடமும் கேட்பதில்லை. ஆலோசகரை உருவாக்கும் முதுகலைப் படிப்பின் தரத்தைக் கேள்வி கேட்கும் உரிமை அதில் சேரும் ஆசிரியருக்கும் உண்டு, பிள்ளையை அந்த அறைக்கு அனுப்பும் பெற்றோருக்கும் உண்டு. பினாங்கில் இருக்கும் நாம் அந்த உரிமையைப் பயன்படுத்தத் தொடங்க வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

இந்நாட்டில் ஆலோசகர் தொழிலை 1998-ஆம் ஆண்டின் ஆலோசகர் சட்டம் (சட்டம் 580) கட்டுப்படுத்துகிறது. மகளிர், குடும்ப, சமூக மேம்பாட்டு அமைச்சின் கீழ் உள்ள மலேசிய ஆலோசகர் வாரியம், அதாவது லெம்பாகா கவுன்சலர், இதை நடைமுறைப்படுத்துகிறது. வாரியத்தில் பதிவு பெறாதவர் தம்மை ஆலோசகர் என்று சொல்லிக்கொண்டு தொழில் செய்ய முடியாது. மீறினால் அபராதமும் சிறையும் உண்டு.

பதிவு பெற்றவரிடம் இரண்டு ஆவணங்கள் இருக்கும். ஒன்று பதிவுச் சான்றிதழ். அதன் எண் 'கே.பி.' என்று தொடங்கும். மற்றது தொழில் செய்வதற்கான அனுமதிச் சான்றிதழ், அது 'பி.ஏ.' என்று குறிக்கப்படுகிறது. பெயருக்குப் பின்னால் வரும் இந்த 'பி.ஏ.'வை இளங்கலைப் பட்டம் என்று எண்ணிவிட வேண்டாம். இந்த அனுமதியை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். மருத்துவமனையில் பணிபுரியும் மருத்துவ உளவியலாளர் வேறு. அவருக்கு 2016-ஆம் ஆண்டின் துணைச் சுகாதாரத் தொழில்கள் சட்டம் (சட்டம் 774) பொருந்தும்.

பள்ளியில் இருப்பவரைக் கல்வி அமைச்சு 'வழிகாட்டி, ஆலோசனை ஆசிரியர்' என்ற பணியில் அமர்த்துகிறது. பணி நியமனம் ஒன்று, வாரியப் பதிவு மற்றொன்று. அந்தப் பணியில் இருக்கும் எல்லாருமே பதிவு பெற்ற ஆலோசகர்கள் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

படிக்கப் போகும் ஆசிரியருக்கு உள்ள ஆபத்துகள்

ஆசிரியர் வேலையில் இருந்துகொண்டே வார இறுதியில் முதுகலை படிக்க நினைப்பவர்கள் நம்மிடையே உண்டு. சிலர் ஊழியர் சேமநிதியிலிருந்து பணம் எடுக்கிறார்கள். சிலர் கடன் வாங்குகிறார்கள். அவர்கள் மூன்று இடங்களில் கவனமாக இருக்க வேண்டும்.

முதலாவது, பட்டத்தின் பெயர். 'உளவியல்', 'ஆலோசனை உளவியல்', 'கல்வி ஆலோசனை' என்று பெயரிலேயே கவுன்சலிங் வாடை வீசும் எல்லாப் பட்டமும் வாரியப் பதிவுக்குத் தகுதி தராது. மலேசியத் தகுதி முகவை, அதாவது எம்.கியூ.ஏ., அங்கீகரித்த படிப்பா என்று முதலில் பார்க்க வேண்டும். அதன் இணையப் பதிவேட்டில் யாரும் தேடலாம். எம்.கியூ.ஏ. அங்கீகாரம் இருந்தாலும், 'இந்தப் படிப்பை முடித்தால் ஆலோசகர் வாரியம் பதிவு செய்யுமா?' என்று வாரியத்திடமே எழுதிக் கேட்டுப் பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். சேர்க்கை அதிகாரி வாய்மொழியாகத் தரும் உறுதி பின்னால் உதவாது.

இரண்டாவது, தொலைதூரக் கல்வி. கட்டணம் குறைவு என்பதாலும் தமிழ் தெரிந்த பேராசிரியர்கள் இருப்பார்கள் என்பதாலும் தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களின் அஞ்சல்வழிப் படிப்பை நாடும் பழக்கம் நமக்கு உண்டு. ஆனால் இந்தியாவின் பல்கலைக்கழக மானியக் குழு, 2025 ஜூலை – ஆகஸ்ட் சேர்க்கை முதல் உளவியல் உள்ளிட்ட சில துறைகளைத் தொலைதூர வழியிலும் இணைய வழியிலும் நடத்தக் கூடாது என்று உத்தரவிட்டுவிட்டது. நேரில் ஆளைப் பார்த்துப் பழகாமல் இந்தத் தொழிலைக் கற்க முடியாது என்று அந்நாடே கருதும்போது, பழைய விளம்பரத்தை நம்பிப் பணம் கட்டுவது வீண்.

மூன்றாவது, களப்பயிற்சி. வகுப்புப் பாடங்களையெல்லாம் முடித்துவிட்டு, பயிற்சிக்கு இடம் கிடைக்காமல் தேங்கி நிற்கும் நிலை வரலாம். பயிற்சி இடத்தைப் பல்கலைக்கழகம் ஏற்பாடு செய்யுமா, மாணவரே தேட வேண்டுமா? முழுநேர ஆசிரியராக இருப்பவர் பயிற்சி மணி நேரத்தை எப்போது நிறைவு செய்வது? கல்வி அமைச்சின் ஹடியா லத்திஹான் பெர்செக்குத்துவான் உபகாரச் சம்பளத்துக்கு விண்ணப்பிக்க வழியுண்டா? இவற்றை முதல் பருவத்துக்கு முன்பே கேளுங்கள். தம் வகுப்பில் படிக்கும் மாணவரையே பயிற்சிக்கு எடுத்துக்கொள்வதும் தவறு. மதிப்பெண் போடும் ஆசிரியரிடம் பிள்ளை மனம் திறக்காது.

ஒரு படிப்பை எடைபோடுவது எப்படி?

கட்டடமும் விளம்பரமும் தரத்தைச் சொல்லாது. பருவ முடிவில் மாணவர் நிரப்பும் திருப்திப் படிவமும் சொல்லாது. விரிவுரையாளர் நன்றாகப் பேசினாரா என்பதை மட்டுமே அது காட்டும். படித்து வெளியேறியவர் அழும் பிள்ளையின் எதிரில் என்ன செய்கிறார் என்பதே உண்மையான அளவுகோல்.

அமெரிக்காவில் ஆலோசகர் படிப்புகளுக்குத் தரச்சான்று தரும் கேக்ரெப் அமைப்பு 1981 முதல் இயங்குகிறது. அதன் விதிகள் நமக்கு ஒப்பிட்டுப் பார்க்க உதவும். தொடக்கக் களப்பயிற்சி குறைந்தது 100 மணி நேரம், அதில் 40 மணி நேரம் நேரடியாக ஆலோசனை தர வேண்டும். பிறகு 600 மணி நேரப் பணிப்பயிற்சி, அதில் 240 மணி நேரம் நேரடி ஆலோசனை. இந்தக் காலம் முழுவதும் வாரம் சராசரியாக ஒரு மணி நேரம் தனி மேற்பார்வையும் ஒன்றரை மணி நேரம் குழு மேற்பார்வையும் நடக்க வேண்டும். மேற்பார்வையாளர் மாணவரின் அறிக்கையை மட்டும் படித்தால் போதாது. பதிவு செய்த உரையாடலைக் கேட்க வேண்டும், அல்லது நேரில் பார்க்க வேண்டும். எத்தனை பேர் படிப்பை முடித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது என்பதை ஒவ்வோர் ஆண்டும் பொதுமக்கள் பார்க்க வெளியிட வேண்டும். பழைய மாணவர்களிடமும், பயிற்சி தந்த பள்ளிகளிடமும், வேலைக்கு எடுத்தவர்களிடமும் கருத்துக் கேட்டு, அதன்படி என்ன மாற்றினோம் என்பதையும் சொல்ல வேண்டும்.

இதே கேள்விகளை இங்குள்ள எந்தப் பல்கலைக்கழகத்திடமும் கேட்கலாம். சென்ற ஆண்டு சேர்ந்தவர் எத்தனை பேர், முடித்தவர் எத்தனை பேர், வாரியப் பதிவு பெற்றவர் எத்தனை பேர்? ஒரு மேற்பார்வையாளருக்கு எத்தனை மாணவர்? இந்தத் தொழிலுக்குத் தகுதியில்லை என்று ஒரு மாணவரை நிறுத்த நேர்ந்தால், எந்த அளவுகோலில் நிறுத்துவார்கள், மேல்முறையீடு உண்டா? நல்ல படிப்பு இவற்றுக்குத் தயங்காமல் பதில் தரும்.

பாடத்திட்டத்தையும் பாருங்கள். தனி ஒருவரோடு அமர்ந்து பேசும் கலையோடு பள்ளி ஆலோசகர் வேலை முடிந்துவிடாது. தற்கொலை அபாயத்தை எடைபோடத் தெரிய வேண்டும். பெற்றோரை அழைத்துப் பேசத் தெரிய வேண்டும். எஸ்.பி.எம். முடிக்கும் பிள்ளைக்கு மேற்படிப்புக்கு வழிகாட்ட வேண்டும். கட்டொழுங்கு ஆசிரியரின் வேலையையும் எழுத்தர் வேலையையும் தம் தலையில் கட்ட வரும் நிர்வாகத்திடம் மரியாதையாக மறுக்கவும் பழக வேண்டும். நம் இடைநிலைப்பள்ளிகளில் 500 மாணவருக்கு ஓர் ஆலோசனை ஆசிரியர் என்பதே நெடுங்காலக் கணக்கு. அமெரிக்கப் பள்ளி ஆலோசகர் சங்கம் பரிந்துரைப்பது 250-க்கு ஒருவர். இரு மடங்கு சுமையோடு வேலை செய்யப் போகிறவருக்கு எதை முதலில் கவனிப்பது என்ற பயிற்சி கூடுதலாகவே வேண்டும்.

தமிழ்ப் பிள்ளைகளுக்காகத் திருத்த வேண்டியது

மலாயாவில் தமிழ்க் கல்வி 1816-இல் பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் தொடங்கியது. இன்று இம்மாநிலத்தில் 28 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. முழுநேர ஆலோசனை ஆசிரியர் பணியிடம் மாணவர் எண்ணிக்கையைப் பொறுத்தே கிடைக்கிறது. அதனால் சிறிய பள்ளிகள் அதில் பின்தங்குகின்றன. ஆறாம் ஆண்டு முடித்துத் தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போகும் பிள்ளை, வீட்டில் நடந்ததை மலாயில் விளக்கத் திணறலாம். வாக்கியத்தைத் தேடிக்கொண்டிருக்கும் பிள்ளையால் வலியைச் சொல்ல முடியாது.

பயிற்சியிலும் இதே சிக்கல் உண்டு. தமிழ் மாணவரோடு தமிழில் பேசிப் பழகும் பயிற்சி ஆலோசகரின் ஒலிப்பதிவைத் தமிழ் தெரியாத மேற்பார்வையாளர் கேட்டுத் திருத்த முடியாது. பயிற்சியாளர் மலாயிலோ ஆங்கிலத்திலோ எழுதிக் கொடுக்கும் சுருக்கத்தைத்தான் அவர் திருத்துவார். எந்த இடத்தில் அவசரப்பட்டார், எந்த அழுகையைக் கவனிக்காமல் கடந்தார் என்பது அந்தச் சுருக்கத்தில் இருக்காது. கடைசியில் தமிழ்ப் பிள்ளைக்குக் கிடைப்பது யாரும் சரிபார்க்காத ஆலோசனை.

இதற்கு வழி இருக்கிறது. தமிழ் தெரிந்த, பதிவு பெற்ற ஆலோசகர்களைப் பல்கலைக்கழகங்கள் இணை மேற்பார்வையாளர்களாக நியமிக்கலாம். மாநிலக் கல்வி இலாகாவோடு பேசி, அருகருகே உள்ள தமிழ்ப்பள்ளிகளை ஒரே பயிற்சிக் களமாக்கலாம். ஆலோசகர் இல்லாத பள்ளிக்கும் வாரத்தில் ஓரிரு நாள் ஆள் கிடைப்பார். படிப்பை மதிப்பிடும் குழுவில் தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர் ஒருவருக்கும் பெற்றோர் பிரதிநிதி ஒருவருக்கும் இடம் தரலாம். கெலுகோரில் 1969 முதல் இயங்கும் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் இந்தப் பள்ளிகளுக்கு மிக அருகில் இருக்கிறது. இதை முன்னெடுக்க அதைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை.

பெற்றோரின் உரிமைகள்

ஆலோசகரின் பதிவு எண்ணைக் கேட்கலாம்; கேட்பது அவமரியாதை ஆகாது. எண்ணை வாரியத்திடம் சரிபார்க்கலாம். பயிற்சி மாணவர் உங்கள் பிள்ளையோடு பேசினால், அவர் பயிற்சியாளர் என்பதும், மேற்பார்வையிடுபவர் யார் என்பதும், உரையாடல் பதிவு செய்யப்படுகிறதா என்பதும் உங்களுக்குத் தெரிய வேண்டும். பதிவு செய்ய உங்கள் சம்மதம் வேண்டும். மறுக்கவும் செய்யலாம்.

பிள்ளை சொன்னதை ஆலோசகர் ஆசிரியர் அறையில் பேசக் கூடாது. இரகசியம் காப்பது அவர் கடமை. அதற்கு எல்லையும் உண்டு. பிள்ளையின் உயிருக்கு ஆபத்து என்றால் அவர் சொல்லியே ஆக வேண்டும். பாலியல் கொடுமை என்றால், 2017-ஆம் ஆண்டின் சிறாருக்கு எதிரான பாலியல் குற்றச் சட்டத்தின் (சட்டம் 792) 19-ஆவது பிரிவின்படி அறிந்தவர் எவரும் புகார் செய்ய வேண்டும். மறைத்தால் 5,000 ரிங்கிட் வரை அபராதம். 'குடும்ப மானம்', 'பள்ளியின் பேர்' என்ற சாக்குகளுக்கு அங்கே இடமில்லை.

எங்கே முறையிடுவது?

ஆலோசகரின் நடத்தையில் குறை என்றால், முதலில் தலைமையாசிரியருக்கும் மாவட்டக் கல்வி இலாகாவுக்கும் எழுதுங்கள். அவர் பதிவு பெற்றவரென்றால் ஆலோசகர் வாரியத்துக்கும் எழுதலாம். படிப்பின் அங்கீகாரத்தில் ஐயமிருந்தால் எம்.கியூ.ஏ.வையும் உயர்கல்வி அமைச்சையும் அணுகுங்கள். தனியார் கல்லூரி பொய் வாக்குறுதி தந்து பணம் வாங்கியிருந்தால் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்துக்குப் போகலாம். அங்கே 50,000 ரிங்கிட் வரை வழக்கறிஞர் இல்லாமலே கோரலாம். கடிதம் எழுத உதவி வேண்டுமானால், ஜாலான் மஸ்ஜிட் நெகிரியில் உள்ள பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தை நாடலாம். விளம்பரம், ரசீது, வாட்ஸ்அப் உரையாடல் அனைத்தையும் பத்திரப்படுத்தி வையுங்கள்.

பிள்ளை உடனடி ஆபத்தில் இருந்தால் 999-ஐ அழையுங்கள். தாலியான் காசே 15999, மனநல உதவிக்கு ஹீல் 15555, பிஃப்ரெண்டர்ஸ் 03-7627 2929 ஆகியவையும் உண்டு.

உங்கள் பள்ளியின் அடுத்த பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் மூன்று கேள்விகளைப் பதிவு செய்யுங்கள்: நம் பள்ளிக்கு ஆலோசகர் உண்டா? அவர் பதிவு பெற்றவரா? தமிழில் பேச விரும்பும் பிள்ளைக்கு என்ன ஏற்பாடு? பதிலைக் கூட்டக் குறிப்பில் எழுதச் சொல்லுங்கள். பள்ளிகள் கேட்டால்தான் பல்கலைக்கழகங்கள் பயிற்சியைத் திருத்தும். பெற்றோர் கேட்டால்தான் பள்ளிகள் கேட்கும்.