பக்கமா? தூரமா?



கணங்கள் பாடம் நடத்தும்போது, “‘உயரமான மாணவர்கள்’ என்பது கணம் ஆகாது”ன்னு டீச்சர் சொன்னாங்க. எத்தனை செ.மீ. இருந்தா உயரம்னு யார் சொல்வது?

இதற்கு வழி சொன்னவர் லோட்பி சாதே. பாகூ நகரில் பிறந்து, அமெரிக்காவில் பேராசிரியராக இருந்தவர். 1965-இல் ‘ஃபஸி கணம்’ பற்றி எழுதினார். இதில் ஒவ்வொரு உறுப்புக்கும் 0 முதல் 1 வரை மதிப்பு உண்டு. ஒருத்தி 0.7 உயரம் என்றும் சொல்லலாம். 1970-இல் பெல்மன் என்பவரோடு சேர்ந்து, இதை வைத்து முடிவெடுக்கும் முறையையும் எழுதினார்.

என் விஷயத்தையே பார்ப்போம். நம்ம பள்ளி பத்தாவதோட சரி. எனக்கு நர்ஸ் படிக்க ஆசை. 3 கி.மீ.-இல் உள்ள பள்ளியில் உயிரியல் பிரிவு இல்லை. 12 கி.மீ.-இல் உள்ள பள்ளியில் இருக்கு. “அவ்வளவு தூரம் முடியாது” என்றார் அப்பா.

நான் போட்ட மதிப்பு:
முதல் பள்ளி: பக்கம் 0.9, விருப்பம் 0.2
இரண்டாவது பள்ளி: பக்கம் 0.5, விருப்பம் 0.9

ஒவ்வொரு பள்ளியிலும் குறைவான எண்ணை எடுக்கணும். ஏன்னா, அதன் பெரிய குறை அதுதான். 0.2, 0.5 வரும். இதில் பெரியது எதுவோ அதுவே முடிவு. அதாவது இரண்டாவது பள்ளி!

ஆனா மதிப்பு போடுவது நாமதான். ஆளுக்கு ஆள் மாறும். அப்பாவிடம் காட்டினேன். 0.5-ஐ அடிச்சுட்டு 0.3 போட்டார். அப்பவும் 0.2-ஐ விடப் பெரிசுதானே! அப்பா சிரிச்சுட்டு, “யோசிப்போம்” என்றார்.

‘முடியாது’ன்னா 0. ‘சரி’ன்னா 1. ‘யோசிப்போம்’ எவ்வளவு? நீங்களே மதிப்பு போட்டுச் சொல்லுங்க.


ஒன்பதாம் வகுப்பு மாணவி