உட்பகை – 7: ஞாபகத்தைத் தீண்டும் எதிர்ப்பொருள்

லூபஸ் நோய் மூட்டுகளையும் சருமத்தையும் சிறுநீரகத்தையும் எவ்விதம் தாக்குகிறது என்பதைச் சென்ற வாரம் கண்டோம். இந்நோயுடன் பல்லாண்டுகள் வாழ்ந்துவருவோர், அவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் பெண்கள், மனம்விட்டுப் பேசும் அவகாசம் வாய்த்தால், வலியோடு இன்னொரு துயரத்தையும் சொல்வதுண்டு: அடுப்பில் பாலை ஏற்றிவிட்டு மறந்துபோகிறது, சொல்லவந்த பெயர் நாவில் நின்றுவிடுகிறது, படித்த பக்கத்தையே மறுபடி படிக்க நேர்கிறது. இதனைக் கவனக்குறைவென்றும் வீண் கவலையென்றும் வீட்டார் தள்ளிவிடுவது பெரும் அநியாயம். ஏனெனில் இதற்குச் சரீரத்திலேயே காரணம் இருக்கக்கூடும்.

வியன்னாவில் வைத்தியர் கபோசி 1872-லேயே இந்நோயில் சித்தம் கலங்குவதைக் கண்டு எழுதியிருந்தார். ஆயினும் காரணத்தின் ஓர் இழை கைக்குக் கிட்டியது 2001-லேதான். அந்நிய கிருமிகளை எதிர்க்கவேண்டிய எதிர்ப்பொருள்கள் லூபஸில் நம்முடைய டி.என்.ஏ.வையே பகைக்கின்றன அல்லவா? அவற்றில் ஒரு பகுதி, அஸ்பார்டிக் அமிலம், டிரிப்டோபான், குளூட்டமிக் அமிலம், டைரோசின், செரின் என்ற ஐந்து கண்ணிகள் கோத்த சிறு புரதத் துணுக்கையும் டி.என்.ஏ.வைப்போலவே பற்றிக்கொள்ளும் என்று அறிந்திருந்த பெட்டி டயமண்ட் அம்மையாரும் அவருடைய சகாக்களும், ஏறக்குறைய அதே வரிசை கற்றலுக்கும் ஞாபகத்துக்கும் ஆதாரமான என்.எம்.டி.ஏ. ஏற்பியில், நரம்பணுக்களின் மேற்பரப்பிலேயே, அமைந்திருப்பதை வெளியிட்டார்கள்.

இரத்தத்தில் அந்த எதிர்ப்பொருள் சுற்றித் திரிவதனால் மட்டும் தீங்கு நேர்ந்துவிடுவதில்லை என்பதே இதில் விசேஷம். இரத்தத்துக்கும் மூளைக்கும் இடையே ஒரு மதில் உண்டு. அந்த எதிர்ப்பொருளைத் தோற்றுவித்த எலிகள் சௌக்கியமாகவே இருந்தன. பாக்டீரியாவின் உறையிலிருந்து எடுத்த நச்சை ஏற்றி மதிலைத் திறந்துவிட்டபோதோ, ஹிப்போகாம்பஸ் என்ற ஞாபகப் பகுதியின் நரம்பணுக்கள் மடிந்து, எலிகள் நினைவுச் சோதனையில் தவறின. வேறு எலிகளுக்கு, அச்சத்தில் நம் உடலிலும் ஊறுகின்ற அட்ரினலினைச் செலுத்தினர். அப்போது மதில் அமிக்டலா என்னும் பகுதியில் திறந்தது. ஓர் ஒலியைத் தொடர்ந்து மின் அதிர்ச்சி வரும் என்று கற்ற எலி, அந்த ஒலியைக் கேட்டதும் அசைவற்று உறைந்து நிற்பது இயல்பு. இந்த எலிகளிடம் அவ்வச்சம் குன்றிப்போயிருந்தது. ஆகவே சாதாரணத் தொற்றுக் காய்ச்சலையோ கடும் மன அதிர்ச்சியையோ லூபஸ் நோயாளி அலட்சியம் செய்யலாகாது என்று நினைக்க இடமிருக்கிறது.

மெமன்டீன் என்ற மருந்து எலிகளின் நரம்பணுக்களைக் காத்தது. அதையே நம்பி நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த சோதனையின் முடிவு 2011-ல் வெளிவந்தபோது, குறிப்பிடத்தக்க பலன் ஏதும் காணவில்லை. ஏன் என்பதற்கு ஒரு விளக்கத்தைப் பிற்பாடு வந்த எலி ஆராய்ச்சி தருகிறதென்பது என் அபிப்பிராயம். எதிர்ப்பொருள் மறைந்த பின்னும், பிழைத்த நரம்பணுக்களின் கிளைகள் தொடர்ந்து குன்றுகின்றன. மூளையின் காவலணுக்களாகிய மைக்ரோகிளியா உசுப்பப்பட்டு அந்தத் தேய்வை நடத்துகின்றன. இரத்தப் பரிசோதனையில் நோய் அடங்கியதாகத் தெரிந்தும் மறதி நீங்காத நோயாளியின் முறையீட்டை இனியேனும் மருத்துவர் காதுகொடுத்துக் கேட்பாராக. அந்தக் காவலணுக்களை எலிகளில் அடக்கிய காப்டோப்ரில், நெடுநாளாக வழக்கிலுள்ள இரத்த அழுத்த மருந்துதான். அதைப் பற்றி அடுத்த வாரம்.