துன்பத்தைச் சொல்லும் மொழி

பனச்சமூடு, கேரள மாநிலத்தின் தென்பகுதியில் நெய்யாற்றின்கரை வட்டத்தில் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி அமைந்த சிற்றூர். 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது, விளவங்கோடு வட்டம் அன்றைய சென்னை மாநிலத்துடன் இணைந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. எல்லைக்கோடு நிலத்தை வகுத்ததேயன்றி மக்களின் நாவை வகுக்கவில்லை. தமிழும் மலையாளமும் இங்கே ஒரே தெருவில், சில வேளை ஒரே இல்லத்திலும் வழங்குகின்றன. சந்தையில் விலை பேசுவதற்கு இக்கலப்பு இடையூறாவதில்லை. ஆனால், மனம் நொந்த ஒருவர் மருத்துவரின் முன்னே அமர்ந்து வாய் திறக்கும்போது, எம்மொழியில் பேசுகிறார், கேட்பவர் எம்மொழியினர் என்பவை முதன்மையான வினாக்களாகி விடுகின்றன.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நாம் இதனைச் சில சொற்களைக் கொண்டே விளக்கலாம். 'விஷமம்' என்பது மலையாளத்தில் மனத்துயரம், தமிழிலோ குறும்பு. 'பேடி' என்பது மலையாளத்தில் அச்சம். தமிழில் கோழையைக் குறிக்கும் வசைச்சொல். 'சங்கடம்' என்பது அங்கே நெஞ்சை உருக்கும் துக்கம். நம்மிடையே பெரும்பாலும் இக்கட்டான நிலைமை. எல்லையோரத்தில் பிறந்து வளர்ந்தவர்கள் இவ்வேறுபாடுகளை இயல்பாகவே அறிவர். தொலைவிலிருந்து வந்த மருத்துவர் அறிவார் என்று சொல்ல இயலாது. அன்றியும், துயருற்றவர் "எனக்கு மனநோய்" என்று சொல்லிக்கொண்டு வருவதில்லை. "நெஞ்சு கனக்கிறது", "வயிற்றைப் பிசைகிறது", "ஒன்றிலும் மனம் ஒட்டவில்லை" என்றே சொல்கிறார். சொல்லின் உட்பொருளை உணராதவர் நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் மருந்தெழுதி அனுப்பிவிடக் கூடும்.

உளச் சிகிச்சை என்பது யாது? பயிற்சி பெற்ற ஒருவர் நோயாளியுடன் முறையாக உரையாடி, அவருடைய எண்ணம், உணர்ச்சி, நடத்தை ஆகியவை சீர்பெறத் துணைபுரிவதே உளச் சிகிச்சை. சில நோய்களில் மருந்துடன் சேர்ந்தும், சிலவற்றில் தனித்தும் இது பயன்படும். அறுவை மருத்துவர்க்குக் கத்தி எப்படியோ, இம்மருத்துவர்க்குச் சொல் அப்படி. ஆயினும் நோயாளி தனியாளாக மருத்துவரின் அறைக்குள் நுழைவதில்லை. அவருடைய கடனும், குடும்பப் பூசலும், சாதியின் பேரால் பட்ட அவமானமும் அவருடனேயே நுழைகின்றன. ரப்பர்த் தோட்டத்தில் பால்வெட்டும் தொழிலாளி, மழை நாட்களில் வேலையிழந்து உறக்கமற்றுத் தவிக்கிறார் என்று கொள்வோம். "மனத்தைத் திடப்படுத்திக்கொள்" என்று மட்டும் அவருக்கு அறிவுரை கூறுவது, பசித்தவனுக்குச் செரிமானத்தைப் பற்றி உபதேசிப்பது போன்றதாகும். அவருடைய கூலியையும் கடனையும் பற்றிக் கேட்டறிவதும் சிகிச்சையின் ஒரு பகுதியே.

இக்கருத்து நமக்குப் புதிதன்று. திருக்குறளின் 'மருந்து' அதிகாரம், நோயுற்றவன், மருத்துவன், மருந்து, உடனிருந்து உதவுபவன் என்னும் நான்கு கூறுகளையும் சேர்த்தே மருத்துவம் என்கிறது. நோயின் அளவோடு நோயாளியின் நிலையையும் காலத்தையும் ஆராய்ந்து செயற்படுமாறும் அது பணிக்கிறது.

இந்த உண்மையை ஒரு மருத்துவர் தம் தோல்வியின் வாயிலாகக் கற்ற வரலாறு அறியத்தக்கது. மார்த்தினிக் தீவில் பிறந்த பிரான்ஸ் ஃபனான், 1953-இல் அல்ஜீரியாவின் பிளிடா மனநோய் மருத்துவமனையில் பொறுப்பேற்றார். அந்நாடு அப்போது பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. ஐரோப்பியப் பெண்கள் இருந்த பகுதியில் கூட்டங்கள், திரைப்படக் காட்சிகள், விழாக்கள், நோயாளிகளே நடத்திய செய்தித்தாள் ஆகியவற்றை அவர் தொடங்கினார், நற்பயன் விளைந்தது. அதே முறையை அல்ஜீரிய முஸ்லிம் ஆடவரிடம் கையாண்டபோது ஒரு பயனும் விளையவில்லை. குறை நோயாளிகளிடம் இல்லை, தம் முறையிலேயே உள்ளது என்பதை ஃபனானும் அவருடைய துணைவரும் 1954-இல் வெளியிட்ட கட்டுரையில் ஒப்புக்கொண்டனர். அம்மக்களின் மொழி, சமயம், குடும்ப அமைப்பு ஆகியவற்றை அவர்கள் கருதவில்லை. பேச்சும் மொழிபெயர்ப்பாளர் வழியே நடந்தது. பின்னர், அம்மக்களின் வழக்கப்படி ஒரு காப்பிக் கடை அமைந்தது. அவர்களுடைய பண்டிகைகள் கொண்டாடப்பட்டன. கதைசொல்லி ஒருவர் வரவழைக்கப்பட்டார். வாய் மூடியிருந்தவர்கள் பேசலாயினர்.

நம் நாட்டிலும் நல்ல முன்மாதிரிகள் உண்டு. அமிர்தசரஸ் மனநோய் மருத்துவமனையில் 1950-களில் மருத்துவர் வித்யாசாகர், வளாகத்திலேயே கூடாரங்கள் அடித்து, நோயாளிகளின் குடும்பத்தார் உடன் தங்க வழி செய்தார். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையமும் உறவினர் உடன் தங்குவதைச் சிகிச்சையின் பகுதியாகவே கொண்டது. இவற்றுக்கு மாறாக, 2001 ஆகஸ்ட் 6-ஆம் நாள் ஏர்வாடியில் நிகழ்ந்ததை நாம் மறக்கலாகாது. தீப்பிடித்த கொட்டகையில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் தப்ப இயலாது மாண்டனர். மாண்டவர் தொகை 28.

2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளிகளைச் சங்கிலியிடுவதைத் தடை செய்கிறது. பால், சமயம், பண்பாடு, சாதி, வர்க்கம், உடற்குறை முதலிய எவற்றாலும் வேற்றுமை காட்டாது சிகிச்சை அளிக்க வேண்டும் என்றும், அது நோயாளியும் குடும்பத்தாரும் ஏற்கத்தக்க முறையில் அமைய வேண்டும் என்றும் விதிக்கிறது.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள் தேவை. முதலாவது, சமூகச் சூழலை ஆராய்வது மருந்துக்கு மாற்றாகாது. கடுமையான மனநோய்க்கு மருந்து இன்றியமையாதது. இரண்டாவது, மொழி தெரியாத இடத்தில் வீட்டுப் பிள்ளையையே மொழிபெயர்ப்பாளராக அமர்த்தும் வழக்கம் நன்றன்று. கணவனின் கொடுமையைப் பற்றி ஒரு தாய் தன் மகனின் வாய்வழியே எங்ஙனம் சொல்வாள்? மாமியாரை அருகில் வைத்துக்கொண்டு மருமகள் எதைத்தான் சொல்லக் கூடும்? இத்தகைய மொழிபெயர்ப்பில் சொற்கள் பிழையின்றி அமையலாம். உண்மை மட்டும் வெளிவராது போய்விடும்.

பனச்சமூட்டுத் தமிழர் தம் ஊரிலேயே இருக்க, எல்லை அவர்களைப் பிற மாநிலத்தவராக்கியது. டில்லியிலும் மும்பையிலும் கல்கத்தாவிலும் வாழும் நாமோ பிழைப்பை நாடி வந்தவர்கள். அலுவலகத்தில் இந்தியும் கடைத்தெருவில் வட்டார மொழியும் நமக்குக் கைகொடுக்கின்றன. துயரம் மிகும்போது நெஞ்சில் எழுவது தாய்மொழியே. ஊரிலிருந்து வந்து நம்முடன் தங்கும் முதிய பெற்றோர்க்கோ வேறு மொழியே இல்லை. மைய அரசு 2022 அக்டோபர் 10-ஆம் நாள் தொடங்கிய 'டெலி மானஸ்' என்னும் தொலைபேசிச் சேவை, தமிழ் உட்பட 20 மொழிகளில் இரவும் பகலும் கட்டணமின்றி இயங்குகிறது. அதன் எண் 14416. எம்மாநிலத்திலிருந்து அழைத்தாலும் மொழியைத் தேர்ந்துகொள்ளலாம். இவ்வெண்ணை வீட்டு நாட்காட்டியின் ஓரத்தில் குறித்து வைப்பது நலம். அதற்கும் முன்னதாக நாம் செய்யத்தக்கது ஒன்றுண்டு: வீட்டு மூலையில் பேச்சற்று அமர்ந்திருக்கும் தாயின் அருகே சென்றமர்ந்து, அவள் மொழியில் அவளைப் பேச விட்டுப் பொறுமையுடன் கேட்பது.