திதி பார்த்துக் கடலுக்குச் செல்வோம்
புனேயிலிருந்து திவேஆகர் கடற்கரைக்கு ஒரு குடும்பப் பயணத் திட்டம்

புனே நகரில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்குக் கடல் என்றதும் மெரினாவோ திருச்செந்தூரோ வேளாங்கண்ணியோ நினைவுக்கு வருவது இயல்பு. ஆனால் சஹ்யாத்ரி மலைத்தொடரைக் கடந்தால் நான்கரை முதல் ஐந்து மணி நேரத்தில் அரபிக்கடலை அடைந்துவிடலாம். ராய்கட் மாவட்டத்தின் ஸ்ரீவர்தன் வட்டத்தில், பாக்குத் தோப்புகளுக்கும் சவுக்குத் தோப்புக்கும் அப்பால் நீண்டு கிடக்கும் திவேஆகர் கடற்கரை, சிறுவர்களோடும் முதியவர்களோடும் சென்று இரண்டு நாள் தங்குவதற்கு ஏற்ற ஊர்ப்புறக் கடற்கரையாகும்.

புனேவுக்கும் இந்தக் கரைக்கும் உள்ள உறவு பழையது. பேஷ்வா பரம்பரையைத் தொடங்கிவைத்த பாலாஜி விஸ்வநாத் ஸ்ரீவர்தனைச் சேர்ந்தவர். அவருடைய வழித்தோன்றல்களே புனேயைத் தலைநகராக்கி ஆண்டனர். அந்தக் கடலை நாடிச் செல்வோர் அறிந்துகொள்ள வேண்டிய சிலவற்றை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

கிழக்குக் கடலும் மேற்குக் கடலும்

நாம் சோழமண்டலக் கரையில் பழகியவர்கள். சென்னையில் கடல்நீர் ஏறுவதற்கும் வற்றுவதற்கும் இடையிலான உயர வேறுபாடு, மிகுதியான நாட்களிலும் ஏறத்தாழ 1 மீட்டர்தான். ஆதலால் காலையில் கண்ட கடலும் மாலையில் காணும் கடலும் நமக்கு ஒன்றுபோலவே தோன்றும். மும்பைக் கரையிலோ, பெருவோத நாட்களில் இவ்வேறுபாடு 4 மீட்டரையும் தாண்டும். தெற்கே செல்லச் செல்ல இது குறையும். ஆயினும், ராய்கட் கரையில் அது சென்னையைப்போல இரண்டு மூன்று மடங்காகவே இருக்கும்.

கொங்கண் கரையின் மணல்வெளி மிகவும் தட்டையானது. சரிவு குறைந்த நிலத்தில் நீர்மட்டம் சிறிது தாழ்ந்தாலும் கடல் வெகுதூரம் பின்வாங்கிவிடும். சிறிது உயர்ந்தாலும் வெகுதூரம் உள்ளே வந்துவிடும். காலையில் பிள்ளைகள் பந்து விளையாடிய இடத்தில் நண்பகலில் இடுப்பளவு நீர் நிற்பது இங்கே வியப்பன்று. ஈர மணலில் நிறுத்திய மகிழுந்தின் சக்கரங்கள் புதைந்து, நீர் ஏறும்போது வண்டியே சிக்கிக்கொள்வதும் இதனால்தான். வண்டியைக் கரைக்கு வெளியே நிறுத்துவதே முறை.

தட்டையான கரையால் நன்மையும் உண்டு. அலை தொலைவிலேயே உடைந்து, வலிமை குன்றிய நுரையாகக் கரையைத் தொடும். செங்குத்தாகச் சரியும் கரையில் அலை காலடியிலேயே எழுந்து விழுந்து ஆளைப் புரட்டிவிடும். அமைதியான பருவத்தில் இக்கரை சிறுவர்களுக்கு உகந்ததாக இருப்பது இதனால்தான். அலைச்சறுக்கு பயில விரும்பும் இளைஞர்களுக்கு உரிய இடம் வேறு. சென்னைக்குத் தெற்கேயுள்ள கோவளம், மாமல்லபுரம், கர்நாடகத்தின் முல்கி ஆகிய இடங்களில் பயிற்சியாளர்களின் துணையோடு கற்பதே நல்லது. 2025 ஆகஸ்டில் மாமல்லபுரத்தில் நடைபெற்ற ஆசிய அலைச்சறுக்குப் போட்டியில் இந்திய வீரர் ரமேஷ் புதிஹால் வெண்கலப் பதக்கம் வென்றதை நினைவுகூரலாம்.

நாள்காட்டி சொல்லும் கடல் நேரம்

கடல் ஏற்றத்தை மராத்தியில் 'பர்தி' என்றும், வற்றத்தை 'ஓஹோட்டி' என்றும் அழைப்பர். தங்கும் வீட்டாரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "இன்றைக்கு பர்தி எத்தனை மணிக்கு?" என்பதே.

அவர்களைக் கேட்பதற்கு முன்பே, வீட்டுச் சுவரில் தொங்கும் நாள்காட்டியைக் கொண்டு நாமே ஒரு தோராயக் கணக்கைப் போட்டுக்கொள்ளலாம். ஓதத்தை உண்டாக்குவதில் பெரும்பங்கு சந்திரனின் ஈர்ப்புக்கே உரியது. சூரியனும் அதற்குத் துணைசெய்கிறது. அமாவாசையிலும் பௌர்ணமியிலும் இவ்விரண்டின் ஈர்ப்பும் ஒரே கோட்டில் அமைவதால், அந்நாட்களிலும் அடுத்த ஓரிரு நாட்களிலும் ஏற்றமும் வற்றமும் மிகும். இரு பட்சத்து அஷ்டமிகளை ஒட்டி அவை குறையும்.

மும்பையையும் அதற்குத் தெற்கேயுள்ள அண்மைக் கரையையும் பொறுத்தவரை, அமாவாசை, பௌர்ணமி நாட்களில் உச்ச ஏற்றம் நண்பகலையும் நள்ளிரவையும் ஒட்டி வரும். ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த வற்றத்துக்கும் இடையே சுமார் 6 மணி நேரம் உண்டு. எனவே அந்நாட்களில் கடல் நன்றாக வற்றியிருப்பது காலை 6 மணியையும் மாலை 6 மணியையும் ஒட்டித்தான். பிறகு ஒவ்வொரு நாளும் இந்நேரங்கள் சுமார் 50 நிமிடம் பிந்தும். பௌர்ணமிக்கு மூன்று நாள் கழித்துச் சென்றால் உச்ச ஏற்றம் பிற்பகல் இரண்டரை மணியளவில் இருக்கும். அஷ்டமியன்று நிலை தலைகீழாகி, நண்பகலில் வற்றமும் மாலை 6 மணியளவில் ஏற்றமும் நிகழும்.

இது பயண நாளைத் தேர்ந்தெடுக்க உதவும் கணக்கு மட்டுமே. ஐதராபாத்தில் இயங்கும் இந்தியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் ஓத நேரங்களை வெளியிடுகிறது. நீரில் இறங்குவதற்கு முன் அந்த அட்டவணையையும், உள்ளூர் மீனவரின் சொல்லையும் கேட்பது கடமை.

நீரில் எப்போது இறங்கலாம்?

வற்றம் முடிந்து ஏற்றம் தொடங்கும் முதல் இரண்டு மூன்று மணி நேரமே கரையோரம் கால் நனைத்து விளையாட ஏற்றது. நீர் வடியும் வேளையில் கடலின் போக்கே கரையை விட்டு வெளிநோக்கி இருக்கும். அப்போது நீரில் இறங்குதல் தகாது. ஏற்ற வேளையிலும் ஓர் ஆபத்து உண்டு. கடலுக்குள் சற்றுத் தள்ளித் தெரியும் மணல் திட்டிலோ பாறையிலோ நிற்பவர்களின் பின்புறமாக, அவர்கள் அறியாமலே பள்ளங்களில் நீர் நிறைந்து, கரைக்குத் திரும்பும் வழியை அடைத்துவிடும். ஆகவே திட்டுகளை நோக்கி நடந்து செல்லவே கூடாது.

2016 பிப்ரவரி 1-ஆம் நாள், புனேயிலிருந்து இதே ராய்கட் மாவட்டத்தின் முருட் கடற்கரைக்குச் சுற்றுலா சென்ற கல்லூரி மாணவ மாணவியரில் பத்துக்கும் மேற்பட்டோர் கடலில் மூழ்கி மாண்டனர். அது மழைக்காலமன்று; அமாவாசையோ பௌர்ணமியோ அன்று. தேய்பிறையின் நடுப்பகுதியில், ஓதம் குறைந்திருக்க வேண்டிய நாள் அது. நல்ல பருவமும் அமைதியான தோற்றமும் பாதுகாப்புக்கு உறுதியளிக்கமாட்டா என்பதை அத்துயரம் உணர்த்துகிறது. முழங்கால் அளவுக்கு மேல் செல்வதில்லை என்ற ஒரே விதியைக் குடும்பத்தார் அனைவரும் எந்நாளும் கடைப்பிடிக்க வேண்டும்.

அலைகள் கரைக்குக் கொண்டுவந்த நீர், ஒரு குறுகிய வாய்க்கால் வழியாகக் கடலுக்கு விரைந்து திரும்புவதுண்டு. இந்த இழுவோட்டம் இருக்கும் இடத்தில் அலை உடையாது; இருபுறமும் வெண்ணுரை எழ, நடுவே மட்டும் நீர் அமைதியாகத் தோன்றும். "இங்கே அலையில்லை" என்று பிள்ளைகளை அங்கே இறக்கிவிடுவதே பெரும் பிழை. அதில் சிக்கினால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போடக் கூடாது; வலிமை வீணாகும். முகத்தை மேலே வைத்து மிதந்தபடி கையை உயர்த்தி உதவி கேட்க வேண்டும். நீந்தத் தெரிந்தவர் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, ஓட்டத்தை விட்டு வெளியேறிய பின் கரை திரும்பலாம். கரையில் இருப்பவர் பதறி நீரில் குதிப்பதைவிட, மிதக்கக்கூடிய பொருள் ஒன்றை எறிந்து, 112 என்ற எண்ணை அழைத்து, மீனவர்களைக் கூவி அழைப்பதே உயிர்காக்கும்.

எந்த மாதம் செல்லலாம்?

ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று கடலை நேராக இக்கரைமீது மோதச் செய்யும். அந்த மாதங்களில் கடலைக் கரையிலிருந்து காண்பதோடு நின்றுகொள்ள வேண்டும். புனேயிலிருந்து முல்ஷி, தாம்ஹிணி மலைப்பாதை, மாண்காவ், மசளா வழியாகத் திவேஆகர் சுமார் 160 கிலோமீட்டர். மழைக்காலத்தில் தாம்ஹிணியில் மூடுபனியும் மண்சரிவும் ஏற்படுவதுண்டு. மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடைக்காலமாதலால், புதிய மீனை எதிர்பார்த்துச் செல்வோர்க்கும் ஏமாற்றமே எஞ்சும்.

ஏப்ரல், மே விடுமுறைகளில் வேறொரு விழிப்பு தேவை. இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் எழும் நெடிய அலைகள், இங்கே காற்றே இல்லாத நாளிலும் திடீரெனக் கரையேறும். கேரள மீனவர்கள் இதனைக் 'கள்ளக்கடல்' என்பர். 2024 மே மாதத்தில் இத்தகைய எச்சரிக்கை நடப்பில் இருந்த நாட்களில், கன்னியாகுமரி மாவட்டத்தின் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐவர் உயிரிழந்தனர். எச்சரிக்கை உள்ள நாளில் பயணத்தைத் தள்ளிப்போடுவதால் இழப்பது அறை முன்பணம் மட்டுமே.

நவம்பர் முதல் பிப்ரவரி வரையிலான காலமே சிறந்தது. பிப்ரவரி, மார்ச் மாதங்களில் சென்றால், பாக்மாண்ட்லா படகுத்துறையில் வாகனத்தோடு முகத்துவாரத்தைக் கடந்து, ரத்னாகிரி மாவட்டத்தின் வேளாஸ் கிராமத்தில், நம் ஊரில் பங்குனி ஆமை எனப்படும் கடலாமையின் குஞ்சுகள் கடலை நோக்கி ஊர்ந்து செல்வதைக் காணும் வாய்ப்பும் கிட்டலாம். ஹரிஹரேஷ்வர் கோயிலின் பாறைப் பிரகாரச் சுற்றுப்பாதையைக் கடல் வற்றிய வேளையில் மட்டுமே வலம் வர முடியும். அதற்கும் மேற்சொன்ன திதிக் கணக்கு கைகொடுக்கும்.

தங்குமிடமும் தோப்பும்

திவேஆகரில் பலர் தம் வீட்டையொட்டிய அறைகளையே விருந்தினருக்கு அளிக்கின்றனர். வீட்டுச் சமையலில் நம் கொழுக்கட்டைக்கு உடன்பிறப்பான மோதகமும், கோகம் புளியும் தேங்காய்ப்பாலும் சேர்ந்த சோல்கடியும் கிடைக்கும். சில வீடுகளில் சைவ உணவு மட்டுமே சமைப்பர். முன்பே கேட்டறிதல் நலம்.

2020 ஜூன் 3-ஆம் நாள் கரைகடந்த நிசர்கா புயல், இப்பகுதியின் தென்னை, பாக்குத் தோப்புகளைச் சாய்த்தது. பாக்குக் கன்று நட்டுப் பலன் காணப் பல ஆண்டுகள் ஆகும். அத்தகைய குடும்பங்களுக்கு அறை வாடகை துணை வருவாயாக மட்டும் இருப்பதில்லை. ஆகவே உள்ளூர் வீட்டில் தங்குவதும், உள்ளூர்க் கடையில் பாக்கும் கோகமும் வாங்குவதும் நாம் செய்யக்கூடிய சிறு உதவி.

பணத்துக்கும் ஒரு பாதுகாப்பு

ஊர்ப்புறப் பயணத்தில் கைப்பேசிக் குறியலை எங்கும் கிடைக்கும் என்று எண்ணலாகாது. யூபிஐ வசதி இருந்தாலும், படகுக் கட்டணம், வண்டி நிறுத்தம், இளநீர் ஆகியவற்றுக்குச் சிறு நோட்டுகளாகப் பணத்தைப் புனேயிலேயே எடுத்துக்கொள்ளுங்கள்.

அறைக்கு முன்பதிவு செய்கையில் பின்வருவனவற்றை நினைவிற்கொள்ளுங்கள்:

- இணையத்தில் கண்ட எண்ணை மட்டும் நம்பாமல், அந்த ஊருக்குச் சென்றுவந்தவர் தரும் எண்ணோடு ஒப்பிடுங்கள்.
- முழுத்தொகையையும் முன்கூட்டிச் செலுத்தாமல், ஒரு பகுதியை மட்டும் முன்பணமாக அனுப்புங்கள்.
- பணம் அனுப்பும்முன் திரையில் தோன்றும் பெயர், வீட்டு உரிமையாளர் கூறிய பெயர்தானா என்று பாருங்கள்.
- பணத்தைத் திருப்பித் தருவதாகக் கூறி க்யூஆர் குறியீட்டை வருடச் சொன்னாலோ, பின் எண்ணை இடச் சொன்னாலோ மறுத்துவிடுங்கள். பணம் பெறுவதற்குப் பின் எண் தேவையே இல்லை.
- ஏமாற்றப்பட்டதாக ஐயம் எழுந்த உடனே 1930 என்ற தேசிய உதவி எண்ணையும் உங்கள் வங்கியையும் அழையுங்கள். விரைவாகச் சொன்னால், பணம் கைமாறுவதற்கு முன் நிறுத்திவைக்கும் வாய்ப்பு மிகும்.

செலவைத் திட்டமிடுவதும் எளிதே. போய்வர 320 கிலோமீட்டர். லிட்டருக்கு 16 கிலோமீட்டர் ஓடும் வண்டிக்கு 20 லிட்டர் எரிபொருள். லிட்டர் ₹105 என்று கொண்டால் ₹2,100. இதனோடு இரண்டு இரவு வாடகை, நால்வரின் உணவு, சுங்கம், படகுக் கட்டணம் ஆகியவற்றைக் கூட்டி, எதிர்பாராச் செலவுக்கெனப் பத்தில் ஒரு பங்கைச் சேர்த்துக்கொள்ளுங்கள். மொத்தம் ₹12,000 ஆகுமென்றால், ஜூனில் தொடங்கி மாதம் ₹2,000 வீதம் ஆறு மாதத் தொடர்வைப்பில் போட்டுவந்தால், நவம்பர்த் தவணையோடு தொகை நிறைந்துவிடும். டிசம்பர் விடுமுறைக்குப் பணம் கையில் இருக்கும். கடல் சீறும் மாதங்கள் சேமிப்புக்கும், அது அடங்கும் மாதங்கள் பயணத்துக்கும் என வகுத்துக்கொண்டால், கடன் அட்டையின் வட்டிச் சுமையும் நேராது.

புறப்படும் நாளுக்கு முன், நாள்காட்டியில் திதியைப் பாருங்கள். கடல் எச்சரிக்கை ஏதேனும் உண்டா என்று அறியுங்கள். முழங்கால் அளவு என்ற விதியைப் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே சொல்லிவையுங்கள். சென்ற அனைவரும் நலமாய் வீடு திரும்புவதே நல்ல பயணம்.