ஜெர்மானியர் கொண்டாடும் வெள்ளைக் குருத்து - மூட்டு வலிக்காரர் சாப்பிடலாமா?

ஒரு காய்கறிக்காக ஊரே விழா எடுக்குமா? ஜெர்மனியில் எடுக்கிறார்கள். அந்தக் காய்கறியின் பெயரால் ஒரு பெண்ணுக்கு "ராணி" பட்டம் சூட்டி, ஊர்வலமும் நடத்துகிறார்கள்!

அதன் பெயர் அஸ்பராகஸ். ஜெர்மானியர் "ஷ்பார்கல்" என்பார்கள். விரல் பருமன், ஒரு சாண் நீளம், நுனி கூம்பிய குருத்து. நம் நாட்டு மருந்துக் கடைகளில் தண்ணீர்விட்டான் கிழங்கு விற்கிறார்கள் அல்லவா? அதுவும் இதுவும் ஒரே இனம். நாம் கிழங்கை மருந்தாக்கினோம். அவர்கள் குருத்தை விருந்தாக்கி விட்டார்கள்.

குளிர் காலம் முடிந்து, ஏப்ரல் மாத நடுவில் குருத்து தலை காட்டும். ஜூன் 24-ந் தேதி யோவான் திருநாள். அன்றோடு அறுவடையை நிறுத்தி விடுவார்கள். மேலும் வெட்டினால் செடி நலிந்து விடும். மிச்சமுள்ள கோடையில் அது தழைத்து, வேரில் சத்துச் சேர்த்தால்தான் மறு வருஷம் குருத்து விடும். ஆகவே, இருப்பது பத்து வாரம்தான். அந்தப் பத்து வாரமும் ஓட்டல்களில் இதற்கென்று தனிப் பட்டியல் போடுவார்கள். சாலை ஓரங்களில் திடீர்க் கடைகள் முளைக்கும்.

மண்ணுக்குள் ஒளித்து வளர்ப்பார்கள்

வெயில் பட்டால் குருத்து பச்சையாகி விடும். ஜெர்மானியருக்கு வெள்ளைதான் பிரியம். எனவே மண்ணை வரப்பு போல் உயர்த்தி, குருத்தை உள்ளேயே வளர்க்கிறார்கள். எங்கே மண் லேசாக வெடித்திருக்கிறதோ, அங்கே விரலால் தோண்டி, நீண்ட கத்தியை உள்ளே செலுத்தி வெட்டுகிறார்கள். பிறகு மண்ணை மூடித் தடவி விடுகிறார்கள். ஒவ்வொரு குருத்துக்கும் இத்தனை வேலை! விலை ஏன் ஏறாது?

பெர்லினுக்குத் தென்மேற்கே பீலிட்ஸ் என்று ஓர் ஊர். அங்கே 1861 முதல் இதே தொழில். குனிந்து வெட்டுகிறவர்கள் பெரும்பாலும் போலந்து, ருமேனியா நாட்டுக் கூலியாட்கள். 2020-ல் கொரோனா பரவி எல்லைகள் மூடப்பட்டபோது, ருமேனியாவிலிருந்து விவசாயத் தொழிலாளர்களைத் தனி விமானங்களில் அழைத்து வந்தார்கள்.

கட்டை விரலில் ஊசி

இவ்வளவு ஆசையோடு சமைத்து மேஜையில் வைத்தால், வீட்டில் ஒருவர் மட்டும் ஏக்கத்தோடு பார்த்துக் கொண்டிருப்பார். அவருக்குக் "கவுட்" என்னும் மூட்டு வியாதி. ரத்தத்தில் யூரிக் அமிலம் மிகுந்து, மூட்டுகளில் ஊசி போன்ற படிகங்களாகத் தங்கி விடும். பெரும்பாலும் கால் கட்டை விரலில்தான் ஆரம்பிக்கும். நள்ளிரவில் வலி கிளம்பினால் போர்வை பட்டாலும் உயிர் போகும்.

உணவில் உள்ள "பியூரின்" என்ற பொருள்தான் உடம்பில் யூரிக் அமிலமாக மாறுகிறது. அஸ்பராகஸிலும் பியூரின் உண்டு. அதனால் வெகு காலமாக இதைக் கவுட் நோயாளிகளின் விலக்குப் பட்டியலில் சேர்த்து வைத்திருந்தார்கள்.

அமெரிக்காவில் கவுட் இல்லாத 47,150 ஆண்களின் சாப்பாட்டை 12 ஆண்டு காலம் கவனித்தார்கள். முடிவு 2004-ல் வெளியாயிற்று. மாமிசமும் மீனும் மிகுதியாகச் சாப்பிட்டவர்களுக்குக் கவுட் அதிகம் வந்தது. பியூரின் உள்ள காய்கறிகளைச் சாப்பிட்டவர்களுக்கு அப்படி அதிகமாக வரவில்லை!

ஏற்கெனவே வியாதி உள்ளவர்கள் சங்கதி என்ன? 633 நோயாளிகளை ஆராய்ந்து 2012-ல் இன்னொரு முடிவு வந்தது. மாமிசப் பியூரின் அளவுக்குத் தாவரப் பியூரின் தொல்லை கொடுப்பதில்லை. ஆனால், அறவே இல்லை என்றும் அது சொல்லவில்லை.

ஜெர்மனியில் இந்தக் குருத்தோடு தட்டில் வருவதைப் பாருங்கள். பன்றித் தொடைக் கறித் துண்டுகள். பக்கத்தில் மது. ஆளுக்கு அரை கிலோ குருத்து என்பது அங்கே சர்வ சாதாரணம்! நான் படித்த வரையில், குருத்தைவிடக் கூட வருகிறவர்கள்தான் பொல்லாதவர்கள். கறியையும் பீரையும் தள்ளி விட்டு, உருளைக் கிழங்கோடு அளவாகச் சாப்பிட டாக்டரிடம் கேட்டால், பெரும்பாலும் அனுமதி கிடைக்கும். வலி கிளம்பியிருக்கும் சமயத்தில் மட்டும் பொறுத்துக் கொள்வது நல்லது.

ரத்தம் உறையாமல் இருக்க வார்பரின், மார்க்குமார் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் வேறு விதத்தில் கவனிக்க வேண்டும். பச்சைக் குருத்தில் வைட்டமின் கே உண்டு. அது அந்த மருந்தின் வேலையைக் குறைக்கும். நேற்று வரை தொடாமல் இருந்து விட்டு, இன்று திடீரென்று கூடை கூடையாகச் சாப்பிடக் கூடாது.

சமைப்பது எப்படி?

இரண்டு குருத்துகளை ஒன்றோடு ஒன்று தேய்த்தால் "கீச்" என்று சத்தம் வர வேண்டும். வெட்டிய அடி ஈரமாக இருக்க வேண்டும். அப்படி இருந்தால் புதுசு. வாங்கி வந்ததும் ஈரத் துணியில் சுற்றி வைக்க வேண்டும்.

வெள்ளைக் குருத்தின் தோலை, நுனிக்குச் சற்றுக் கீழிருந்து அடி வரை சீவ வேண்டும். இதில் சோம்பல் பட்டால் வாயில் நார் நாராகச் சிக்கும். அடியில் சிறிது நறுக்கி விட்டு, உப்பும் ஒரு சிட்டிகைச் சர்க்கரையும் போட்ட கொதி நீரில் கால் மணி நேரம் வேக விடுவார்கள். பச்சைக் குருத்துக்குத் தோல் சீவும் வேலை குறைவு. வேகவும் அதில் பாதி நேரம் போதும். மேலே உருக்கிய வெண்ணெய் ஊற்றினால் பலகாரம் தயார்.

சீவிய தோலையும் ஜெர்மன் வீட்டுப் பெண்கள் எறிய மாட்டார்கள். அதைக் கொதிக்க வைத்து வடிகட்டி, மறுநாளைக்கு சூப் செய்வார்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு மட்டும் அந்த சூப் ஆகாது. அவர்கள் ஒதுக்க வேண்டிய பொட்டாசியம் அந்த நீரில்தான் இறங்கி இருக்கும். குருத்தை நிறைய நீரில் வேக வைத்து, நீரைக் கொட்டி விட்டு, டாக்டர் சொன்ன அளவு சாப்பிடலாம்.

இன்னொன்று. இதைச் சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் சிறுநீரில் ஒரு விநோத வாடை வரும். முதல் தடவை சாப்பிடுகிறவர்கள் பதறிப் போவார்கள். குருத்தில் உள்ள கந்தகச் சத்து செய்யும் வேலை அது. மறுநாள் போய் விடும்.