தேவைப்பட்டால் மட்டும் பேசு: 50 ஹெர்ட்ஸ் எப்படித் தாங்குகிறது?

மார்டள்ளியில் சுவிட்ச் போட்டாலும் டெல்லியில் போட்டாலும் கரண்ட் ஒரே தாளம்தான்: நொடிக்கு சுமார் 50 சுழற்சி. இத்தனை ஜெனரேட்டர்கள் எப்படி ஒத்துப்போகின்றன?

லோடு கூடினால் அதிர்வெண் இறங்கும், குறைந்தால் ஏறும். ஒவ்வொரு ஜெனரேட்டரும் அதைத் தன் இடத்திலேயே அளக்கும். ஆனா, ஒவ்வொரு சின்ன அசைவுக்கும் வால்வைத் திருகினால் இயந்திரம் தேயும். அதனால் 0.03 ஹெர்ட்ஸ் விலகல் வரை கண்டுகொள்ளாது, தாண்டினால் செயல்படும்.

'நிகழ்வு தூண்டும் கட்டுப்பாடு' ஆய்வும் இதே யோசனைதான். ட்ரோன் கூட்டத்தில் ஒவ்வொன்றும் ஓயாமல் தகவல் அனுப்பாது. கடைசியாகச் சொன்னதிலிருந்து குறிப்பிட்ட அளவு மாறினால்தான் அனுப்பும். பேட்டரி மிச்சம், நெட்வொர்க்கில் நெரிசல் இல்லை.

சிக்கல் எல்லையில்தான். பெரிசா வெச்சா ஒற்றுமை அரைகுறை. ரொம்பச் சின்னதா வெச்சா மறுபடியும் ஓயாத பேச்சு.

2012 ஜூலை 31 அன்று வட, கிழக்கு, வடகிழக்கு கிரிட்கள் சரிந்து, 60 கோடிக்கும் மேற்பட்டோர் வாழும் பகுதி இருண்டது. தென் கிரிட் தப்பியது. அப்போது அது இதே தாளத்தில் இணைந்திருக்கவில்லை. 2013 டிசம்பர் 31-ல் இணைந்தது. இப்போ டெல்லியின் தடுமாற்றம் மார்டள்ளிக்கும் சொந்தம்.