கட்டடச் சோதனை: பூசணத்துக்கா, ஆஸ்பெஸ்டாசுக்கா?



மழைக்காலம் முடிந்து கிட்டங்கியைப் பழுது பார்க்கத் தொடங்கும்போது நம்மில் பலருக்கு ஒரு கேள்வி எழுகிறது. "சுவரில் பூசணம் பிடித்திருக்கிறது. தலைக்கு மேல் பழைய ஆஸ்பெஸ்டாஸ் கூரை. ஒரு சோதனைக்குத்தான் பணம் ஒதுக்க முடியும். எதைச் செய்வது?" இரண்டின் தன்மையும் தெரிந்துவிட்டால் விடை எளிது.

பூசணம் ஈரத்தில் வளர்வது. ஈரம் நின்றால் அதன் வளர்ச்சியும் நிற்கும். அது கண்ணுக்குத் தெரியும். மூடிய கிட்டங்கியைத் திறந்தவுடன் மூக்குக்கும் தெரியும். ஆகவே பூசணம் இருக்கிறதா என்று அறியச் சோதனை எதற்கு? காற்றில் பூசண வித்து எங்கும் எப்போதும் உண்டு. இவ்வளவுக்கு மேல் கூடாது என்று பொதுவாக ஏற்கப்பட்ட அளவும் இல்லை. பூசணம் கண்ணுக்குத் தெரிந்தால் பெரும்பாலும் சோதனை தேவையில்லை என்றே அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையும் சொல்கிறது. சோதனைக்குக் கொடுக்கும் பணத்தில் ஒழுகும் இடத்தை அடைக்கலாம். மூட்டைகளைத் தரையில் போடாமல் பலகை மேல் அடுக்கலாம். சுவரை ஒட்டாமல் ஆள் நடக்க இடம் விடலாம். தண்ணீர் புகுந்தால் இரண்டு நாளைக்குள் உலர்த்திவிட வேண்டும்.

ஒன்றை மறக்கக் கூடாது. கட்டடத்தைச் சோதிப்பது வேறு, சரக்கைச் சோதிப்பது வேறு. நனைந்த நிலக்கடலை, மிளகாய் வற்றல், மக்காச்சோளம் இவற்றில் ஒரு வகைப் பூசணம் அஃப்ளாடாக்சின் என்னும் நஞ்சை உண்டாக்கும். அது ஈரலைக் கெடுப்பது. மேலே உள்ள பூசணத்தைத் துடைத்துவிட்டாலும் நஞ்சு உள்ளே இருக்கும். சந்தேகமான சரக்கின் மாதிரியை உணவு ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவதில் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

ஆஸ்பெஸ்டாஸ் கதை வேறு. கல்நார் என்னும் கனிம நாரைச் சிமெண்டில் கலந்து செய்வதே அந்த ஷீட். முழுதாக இருக்கும்வரை நார் சிமெண்டுக்குள் பெரும்பாலும் அடங்கிக் கிடக்கும். அறுத்தாலும், துளை போட்டாலும், உடைத்தாலும் கண்ணுக்குத் தெரியாத நார் பறக்கும். வாசனை கிடையாது. மூச்சில் போனவருக்கு அன்றைக்கு ஒன்றும் தெரியாது. 10 முதல் 40 ஆண்டுகள் கழித்து நுரையீரல் இறுகும் நோயாகவோ புற்றுநோயாகவோ வரும். எல்லா வகை ஆஸ்பெஸ்டாசும் புற்றுநோய் உண்டாக்கும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் முடிவு. ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளரின் உடல்நலப் பதிவேட்டைக் குறைந்தது 40 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்று நமது உச்ச நீதிமன்றம் 1995-இல் உத்தரவிட்டதும் இதனால்தான். பிரிட்டன் 1999-இல் இதை முழுதும் தடை செய்தது. நம் நாட்டில் ஷீட் விற்பனைக்குத் தடை இல்லை.

இப்போது கல்நார் கலக்காத சிமெண்ட் ஷீட்டும் வருகிறது. இரண்டையும் பார்வையில் பிரித்தறிய முடியாது. நுண்ணோக்கியில்தான் தெரியும். ஆகவே சோதனைக்கு உண்மையான பயன் இருப்பது இங்கேதான். அதுவும் எல்லோருக்கும் அல்ல. கீழ்க்கண்டபடி முடிவு செய்யலாம்.

1. கூரை முழுதாக இருக்கிறது, கை வைக்கப் போவதில்லை என்றால் சோதனை வேண்டாம். அப்படியே விட்டுவிடுவதே நல்லது.

2. கூரையை மாற்றவோ, துளை போடவோ, இடிக்கவோ போகிறோம் என்றால் வேலைக்கு முன்பே சோதிக்க வேண்டும். அங்கீகாரம் பெற்ற ஆய்வுக்கூடத்தாரே வந்து மாதிரி எடுப்பது நல்லது.

3. சோதிக்க வழியில்லை என்றால் பழைய ஷீட் எல்லாம் ஆஸ்பெஸ்டாஸ் என்றே கொள்ள வேண்டும். சரக்கை முழுதும் வெளியேற்றி, ஷீட்டை நனைத்து, போல்ட்டைக் கழற்றி, உடைக்காமல் முழுதாக இறக்க வேண்டும். மேலிருந்து தள்ளிவிடக் கூடாது. சாதாரணத் துணியை மூக்கில் கட்டுவது போதாது. நுண்தூசியைத் தடுக்கும் முகக்கவசம் வேண்டும். தூசியை உலர்ந்த விளக்குமாற்றால் பெருக்கக் கூடாது. கழிவைத் தெருவோரம் கொட்டாமல், மாசு கட்டுப்பாட்டு வாரியத்தில் கேட்டு அதன்படி அப்புறப்படுத்த வேண்டும்.

4. ஷீட்டின் அடியிலேயே பூசணம் பிடித்திருந்தால்தான் பலரும் தவறு செய்கிறார்கள். கம்பி பிரஷ்ஷால் சுரண்டுவார்கள், அல்லது மோட்டார் வைத்துத் தண்ணீர் பீய்ச்சுவார்கள். பூசணம் போகும், நார் கிளம்பிவிடும். இங்கே முதலில் ஆஸ்பெஸ்டாஸ் என்ன என்று தீர்த்துக்கொண்டு, பிறகுதான் பூசணத்தைத் தொட வேண்டும்.

வாடகைக் கட்டடமாக இருந்தால் வேலை தொடங்குமுன் கட்டட உரிமையாளரிடம் எழுத்து மூலம் தெரிவித்து, செலவு யாருடையது என்பதையும் பேசி முடித்துக்கொள்வது நலம்.

சுருக்கமாகச் சொன்னால், பூசணத்துக்குப் பழுது பார்ப்பதில் செலவிடுவோம். ஆஸ்பெஸ்டாசைத் தொடும் முன் சோதனைக்குச் செலவிடுவோம். கெட்ட சரக்கின் நஷ்டத்தை அடுத்த பருவத்தில் ஈடு கட்டலாம். நம் கூரையில் ஏறி வேலை செய்யும் தொழிலாளியின் நுரையீரலை எந்தப் பருவத்திலும் ஈடு கட்ட முடியாது.